பாலாற்றுத் தண்ணீரும் பித்தளை ஃபில்டரும்

செங்கல்பட்டு ரயில் சந்திப்பிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரக் கடற்கரையை அடையும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவுக்குள் மூன்று வகையான தண்ணீர் புழங்குகிறது. பாலாற்று மணலுக்கடியில் ஊறி வரும் தண்ணீர் ஒன்று. கொளவாய் முதலான ஏரிகளைச் சுற்றியுள்ள கிணறுகளில், பாறை இடுக்குகளின் வழியே சுண்ணச் சத்தைக் கரைத்துக்கொண்டு வந்து சேரும் தண்ணீர் மற்றொன்று. கடலோர மணல்மேடுகளின் அடியில் மழைக்காலத்தில் நிரம்பி, கோடை முற்றும்போது உப்புக் கரிக்கத் தொடங்கும் ஊற்றுநீர் மூன்றாவது. ஒரே காப்பிப்பொடியை இந்த மூன்று தண்ணீரிலும் இறக்கினால் சுவையில் மூன்று விதமான டிக்காஷன் கிடைக்கும் என்பதோடு, அது இறங்கிய பாத்திரத்தில் மூன்று விதமான கறையும் அடைப்பும் எஞ்சும் என்பதும் இப்பகுதியின் அடுக்களைகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. தமிழகத்தில் காப்பியின் சமூக வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் கட்டுரை விரிவாக ஆராய்ந்து, காப்பி எவ்வாறு நடுத்தர வகுப்பின் பண்பாட்டு அடையாளமாக உருவெடுத்தது என்பதைக் காட்டியிருக்கிறது. எனினும் காப்பி பற்றிப் பொதுவாக எழுதப்படுவன பருகியவர்களையே மையமாகக் கொண்டுள்ளன. ஃபில்டரைக் கழுவியவர்கள், அதன் துளைகளைக் குத்தித் திறந்தவர்கள், அதற்கு ஈயம் பூசியவர்கள், எச்சில் டம்ளரை அலசியவர்கள் ஆகியோரின் அறிவும் உழைப்பும் அந்த வரலாற்றின் பின்கட்டிலேயே நின்றுவிட்டன. செங்கல்பட்டு வட்டாரத்தை முன்வைத்து அந்தப் பின்கட்டின் பக்கமிருந்து காப்பியைப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கரைக்குக் காப்பி பானமாக அறிமுகமாவதற்கு நெடுங்காலம் முன்பே, இங்கு வாணிபம் செய்த கம்பெனிகளின் கணக்கேடுகளில் அது சரக்காக இடம்பெற்றுவிட்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டி, நெசவாளர்களிடம் மெல்லிய பருத்தித் துணி வாங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்தில் காப்பிக்கொட்டையும் வாங்கியது. 1696இலும் மீண்டும் 1699இலும் மலபார்க் கரையிலிருந்து காப்பிச் செடிகளை ஜாவாவுக்கு அனுப்பியதும் அதே கம்பெனிதான். மேலும் தெற்கே உள்ள ஆலம்பரைக் கோட்டை 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது; அவர்களின் புதுச்சேரிக் கப்பல்கள் மோக்காவோடு கொண்டிருந்த வாணிபம், 1737இல் கடன் பாக்கித் தகராறில் அத்துறைமுகத்தின்மீது குண்டு வீசும் அளவுக்கு முக்கியமானதாக இருந்தது. இவ்வளவு நெருக்கத்தில் காப்பி வாணிபம் நடந்தும், உழவும் மீன்பிடிப்பும் உப்பளமும் நெசவும் தொழிலாகக் கொண்ட மக்களின் காலை உணவு பழைய சோறும் நீராகாரமுமாகவே நீடித்தது.

பாபா புதன் என்னும் சூஃபிப் பெரியவர் 17ஆம் நூற்றாண்டில் மோக்காவிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டதாக மரபு கூறுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஏற்காடு, நீலகிரி, குடகு, வயநாடு மலைகளில் ஆங்கிலேயர் பெருந்தோட்டங்களை நிறுவிய பின்னரே காப்பிக்கொட்டை தமிழ்ச் சமவெளிக்குத் தாராளமாக இறங்கத் தொடங்கியது. அதற்குத் தோள்கொடுத்தது ரயில். சென்னை எழும்பூரையும் காவிரிப் படுகையையும் இணைத்த தென்னிந்திய ரயில்வேயின் முதன்மைத் தடம் செங்கல்பட்டு வழியாகவே சென்றது. காஞ்சிபுரம், அரக்கோணம் செல்லும் கிளையும் இங்கிருந்தே பிரிந்தது. கும்பகோணம், மாயவரம் பகுதிகளிலிருந்து கல்விக்காகவும் அரசுப் பணிக்காகவும் சென்னை நோக்கி வந்த குடும்பங்கள் கொண்டுவந்த பழக்கங்களுள் காப்பியும் ஒன்று. நீதிமன்றமும் ரயில் குடியிருப்பும் இருந்த செங்கல்பட்டு போன்ற ஊரில், அத்தகைய குடும்பங்களின் வீடுகளே காப்பியின் முதல் இருப்பிடங்களாக இருந்திருக்கக்கூடும்.

தொடக்கத்தில் காப்பி எவ்வாறு தயாரிக்கப்பட்டது என்பதற்கு ‘டிக்காஷன்’ என்னும் சொல்லே ஒரு தடயம். சரக்கை நீரிலிட்டுக் கொதிக்கவைத்துச் சாறு இறக்குவதைக் குறிக்கும் மருந்துக்கடைச் சொல் அது; தமிழில் அதற்கு நேரான சொல் கஷாயம். இன்றைய ஃபில்டரிலோ பொடி கொதிப்பதே இல்லை. கொதித்த நீர் பொடியின் ஊடாக வடிகிறது, அவ்வளவே. செய்முறை மாறிய பின்னும் பெயர் மாறவில்லை என்பதால், பொடியைக் கொதிக்கவிட்டுத் துணியில் வடித்த முந்தைய முறையின் எச்சமாக இப்பெயரைக் கொள்வது பொருத்தமாகும். அந்த முறை முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை: பால் இல்லாத கடுங்காப்பியைக் கருப்பட்டியோடு கொதிக்கவிட்டு இறக்கும் வழக்கம் தமிழகத்தின் உழைக்கும் மக்களிடையே நீடித்தது; காப்பியே சேராத சுக்குக் கஷாயத்துக்குக்கூடச் ‘சுக்குக் காப்பி’ என்று பெயர் ஏற்பட்டது.

கொதிக்கவைக்காமல் வடித்தெடுக்கும் இரண்டடுக்குப் பாத்திரம் ஐரோப்பாவில் 1800ஐ ஒட்டிப் பாரிசில் புகழ்பெற்றது. அந்நகரின் பேராயர் தெ பெல்வாவின் பெயரால் அது வழங்கப்பட்டது. வெப்பவியல் ஆய்வாளரான ரம்ஃபோர்டு பிரபு 1812இல் காப்பியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையே எழுதி, பொடியைச் சமமாகப் பரப்பி மேலிருந்து ஒரு தட்டால் அமுக்கிவைக்க வேண்டியதன் காரணத்தை விளக்கினார். வியட்நாமின் சிறு வடிகுவளை, நேப்பிள்ஸ் நகரின் கவிழ்ப்புப் பாத்திரம், தமிழ்நாட்டு ஃபில்டர் ஆகிய மூன்றும் இதே இயக்க முறையைப் பின்பற்றுபவை. நான்கு உறுப்புகளைக் கொண்ட தமிழ்நாட்டு ஃபில்டரில், அடியில் நுண்துளைகள் இட்ட மேல் பாத்திரமும், டிக்காஷன் சேரும் கீழ்ப் பாத்திரமும், நடுவில் காம்பு பொருத்திய துளைத்தட்டும், மூடியும் ஒன்றுக்குள் ஒன்று அமைகின்றன. விரித்த குடையைப் போல இருப்பதால் காம்புள்ள தட்டு பல வீடுகளில் ‘குடை’ எனப்படுகிறது. மேலிருந்து ஊற்றப்படும் நீர் பொடியில் குழி பறிக்காமல் பரவிச் செல்ல உதவுவது குடையின் வேலை.

இப்பாத்திரத்தில் இயங்கும் பாகம் எதுவும் கிடையாது. ஆயினும் அது பழுதாகும். ‘டிக்காஷன் இறங்கவில்லை’ என்பது தமிழ் வீடுகளின் விடியற்காலைக் கவலைகளில் ஒன்றாக ஒரு நூற்றாண்டுக் காலம் இருந்துவருகிறது. பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி டார்சி, திஜோன் நகரக் குடிநீர்த் திட்டத்துக்காக மணல் வழியே நீர் வடியும் வேகத்தை அளந்து 1856இல் வெளியிட்ட விதி, இக்கவலையின் காரணத்தை எளிதாக விளக்கிவிடுகிறது. மேலே நிற்கும் நீரின் உயரம் கூடினால் வடியும் வேகம் கூடும். வடியும் படுகையின் கனம் கூடினால் வேகம் குறையும். எல்லாவற்றையும்விடத் துகளின் அளவே பெரிதும் தீர்மானிக்கிறது, ஏனெனில் துகளின் விட்டம் பாதியானால் நீர் ஊடுருவும் திறன் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகிவிடும். வீட்டு ஃபில்டரில் நீரின் உயரம் சில அங்குலங்களே ஆதலால், அரைவை சற்று நைந்துபோனாலும் குடையைச் சற்று அழுத்தி வைத்தாலும் சொட்டு நின்றுவிடுகிறது. மேசை விளிம்பில் திருகிப் பொருத்திய கை மெஷினில் அன்றன்றைக்குக் கொட்டை அரைத்த வீடுகளில், திருகாணியை எவ்வளவு இறுக்குவது என்பது கைப்பழக்கத்தால் அறியும் செய்தியாக இருந்தது. கடையில் அரைத்துவாங்கும் வழக்கம் பரவிய பிறகு அந்தக் கட்டுப்பாடு வீட்டின் கையை விட்டு மெஷின்காரரின் கைக்குச் சென்றது.

சிக்கரி இச்சிக்கலை இன்னும் கூட்டியது. சிக்கரி என்பது ஐரோப்பிய மூலிகைச் செடி ஒன்றின் வேர். இந்தியாவில் பெரும்பாலும் குஜராத்தில் பயிராகிறது. வறுத்துப் பொடித்துக் காப்பியில் கலக்கும்போது நிறமும் கொழுமையும் கூட்டி விலையைக் குறைக்கிறது. வறுத்த காப்பியில் நீரில் கரையும் பகுதி மூன்றில் ஒன்றுக்குள் அடங்கும். சிக்கரியிலோ அது மூன்றில் இரண்டை ஒட்டியது. எனவே சிக்கரி மிகுந்த பொடி நீர் பட்டவுடன் இளகி, பிசுபிசுத்து, துளைகளின்மேல் பசைபோலப் படிகிறது. காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்றும் விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்றும் இந்திய உணவுத் தர விதிகள் கூறுகின்றன. சுவை பற்றிய விவாதங்களில் மட்டுமே இந்த விகிதம் பேசப்படுகிறது. அடைப்புக்கும் அதற்கும் உள்ள தொடர்பை ஃபில்டர் கழுவுபவரே அறிவார். பொடி போடுமுன் துளைகளின்மேல் ஒரு சிட்டிகைச் சர்க்கரையைத் தூவினால் டிக்காஷன் தடையின்றி இறங்கும் என்னும் வீட்டுக்குறிப்பு இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. சர்க்கரை கரைந்து வெளியேறும்வரை நைந்த பொடி துளையில் நேரே அப்பிக்கொள்ளாமல் இருப்பதே அதன் காரணமாகலாம்.

பலரையும் ஏமாற்றும் வேறொரு தடையும் உண்டு. பொடியிலும் துளையிலும் குறை இல்லாதபோதும் புதிய ஃபில்டர் சில வேளைகளில் நின்றுவிடும். மேல் பாத்திரமும் கீழ்ப் பாத்திரமும் இடைவெளியின்றிப் பொருந்தி, விளிம்பில் ஒரு சொட்டு நீரும் படிந்துவிட்டால், கீழே அடைபட்ட காற்று வெளியேற வழியின்றி இறங்கும் டிக்காஷனை எதிர்த்து நிற்கிறது. மேல் பாத்திரத்தை ஒருமுறை தூக்கி, மெல்லத் தட்டி, மீண்டும் அமர்த்தினால் சொட்டத் தொடங்கும். பித்தளைக் காலத்தில் கையால் தட்டி உருவாக்கிய பாத்திரங்கள் இவ்வளவு இறுக்கமாகப் பொருந்தியிருக்க வாய்ப்பில்லை. அச்சில் அழுத்தி உருவாக்கப்படும் எவர்சில்வர்ப் பாத்திரமே காற்றடைப்பை ஒரு பொதுவான குறையாக்கியது என்று கருதலாம். உலோகம் மாறும்போது பழுதும் மாறுகிறது, பழுதுக்கான கைவைத்தியமும் மாறுகிறது. இவ்வட்டாரத்தில் ஃபில்டரின் வரலாற்றை உலோகத்தின் வழியே தொடர்வது இதனால்தான் பயன் தருகிறது.

செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை, சூட்டைத் தாங்கி வைத்திருப்பதாலும் தகடாக எளிதில் வளைவதாலும் பாத்திரத்துக்கு ஏற்றது. ஆனால் காப்பி புளிப்புத்தன்மை உடையது. பித்தளையில் இரவெல்லாம் நின்ற டிக்காஷன் செம்பை அரித்து, பச்சைநிறக் களிம்பை உண்டாக்கி, வாயில் உலோகச் சுவையை ஏற்றிவிடும். இதைத் தடுக்கவே உட்புறத்துக்கு ஈயம் பூசப்பட்டது. இங்கு ஈயம் என்றது வெள்ளீயத்தை. நஞ்சாகிய காரீயம் வேறு என்பதை ரசத்துக்கு ஈயச் சொம்பு புழங்கிய தலைமுறை தெளிவாக அறிந்திருந்தது. ஈயம் பூசுபவர் துருத்தியும் கரியும் சுமந்து தெருத்தெருவாக வருவார். பாத்திரத்தை மணலிட்டுத் தேய்த்து, தணலில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, அந்த வெண்புகை அடங்குமுன் ஈயக் குச்சியைத் தொட்டு இழுத்து, பஞ்சுத் துணியால் ஒரே சுற்றில் துடைத்துவிடுவார். நவச்சாரம் உலோகத்தின் மேல் படிந்த ஆக்சைடை அகற்றினால்தான் ஈயம் ஒட்டும். குடம், அண்டா ஆகியவற்றைவிட ஃபில்டருக்குப் பூசுவது நுட்பமான வேலை. உருகிய ஈயம் துளைகளில் இறங்கி உறைந்துவிட்டால் பாத்திரமே பயனற்றுப்போகும் என்பதால், சூடு ஆறுமுன் தட்டி உதறியும் ஊசியால் குத்தியும் துளைகளைத் திறந்துகொடுக்க வேண்டும்.

கழுவும் முறையும் உலோகத்துக்கு ஏற்ப மாறுபட்டது. பித்தளையின் வெளிப்புறத்துக்குப் புளியும் உப்பும், அல்லது செங்கல் பொடியும் தேங்காய் நாரும். ஈயம் பூசிய உட்புறத்துக்கு அடுப்புச் சாம்பல் மட்டும், அதுவும் மெல்ல. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடையும் களிம்பையும் கரைக்கிறது, உப்பு அதற்குத் துணைசெய்கிறது. ஆனால் அதே தேய்ப்பை உள்ளே செய்தால் ஈயப்பூச்சு விரைவில் தேய்ந்து பித்தளை வெளிப்பட்டுவிடும். துளை அடைத்துக்கொண்டால் தீயில் வாட்டும் வழியும் அன்று இல்லை, ஏனெனில் வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெந்நீரில் ஊறவைப்பதும், வெயிலில் காயவைத்துத் தட்டுவதும், ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்துவதுமே எஞ்சிய வழிகள்.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து எவர்சில்வர் என்று தமிழில் பெயர்பெற்ற துருப்பிடிக்காத எஃகு பரவியது. பழைய பித்தளையை எடைக்குப் போட்டுப் புதிய எவர்சில்வர் வாங்கும் வழக்கம் தமிழகமெங்கும் அடுக்களை அலமாரிகளை மாற்றி அமைத்தது. ஈயம் பூசுபவரின் குரல் தெருக்களில் தேய்ந்துபோனது. இம்மாற்றத்தைப் பெண்களின் உழைப்புக் கோணத்திலிருந்து பார்ப்பவர்கள் அதை இழப்பாக எண்ணமாட்டார்கள். களிம்பு அச்சமும் அன்றாடப் புளித் தேய்ப்பும் ஒழிந்தது மிகப் பெரிய விடுதலை. பித்தளையின் மணத்தை நினைந்து ஏங்கும் எழுத்துகள் அந்த விடுதலையின் அளவைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. எஃகு தீயையும் தாங்கும். எனவே அடைத்த மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து அடுப்புத் தீயில் காட்டி, துளைகளில் இறுகிய பொடியைக் கருக்கித் தட்டி உதிர்க்கும் வழி பிறந்தது. எரிவாயு அடுப்பு வந்தபின் அது எளிதாகவும் ஆயிற்று. பல வீட்டு ஃபில்டர்களின் அடியில் காணப்படும் நீலமும் பழுப்பும் கலந்த தீநிறம் அந்தக் கைவைத்தியத்தின் தழும்பாகும்.

எவர்சில்வர் தீர்க்காத குறை ஒன்று உண்டு: காப்பியின் எண்ணெய். வறுத்த கொட்டையிலுள்ள கொழுப்பு டிக்காஷனோடு சிறிதளவு இறங்கி, கீழ்ப் பாத்திரத்தின் சுவரிலும் துளைகளின் ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து, காற்றுப் பட்டுக் காறத் தொடங்குகிறது. பொடி எவ்வளவு உயர்ந்ததாயினும் இந்தக் காறல் வாடை மறுநாள் டிக்காஷனில் ஏறிவிடும். தண்ணீரில் வெறுமனே அலசினால் எண்ணெய் போகாது. வாசனைச் சோப்பிட்டுத் தேய்த்தால் சோப்பின் மணம் தங்கிவிடும். சாம்பல் இரண்டுக்கும் நடுவே நின்றது: அதன் காரத்தன்மை எண்ணெயைப் பிரித்தெடுத்தது, மணமும் விட்டுச்செல்லவில்லை. விறகடுப்பு மறைந்து சாம்பலும் மறைந்த பின்னர், கொதிநீரில் சிறிது சமையல் சோடாவிட்டு ஊறவைப்பது அந்த இடத்தைப் பிடித்தது. அடிப்படையில் அதுவும் காரத்தால் எண்ணெயை நீக்கும் அதே முறைதான்.

இனி மீண்டும் தண்ணீருக்கு வரவேண்டும், ஏனெனில் செங்கல்பட்டுக்கும் கடற்கரைக்கும் இடையே ஃபில்டரின் நலத்தைத் தீர்மானித்தது இறுதியில் அதுவே. கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட்டு, கொதிக்கும்போது சுண்ணாம்புக் கார்பனேட்டாகப் பிரிந்து வெண்படிவமாகிறது. தமிழ் முறையில் தண்ணீர் வேறு பாத்திரத்தில் கொதிப்பதால் படிவத்தின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். ஆனால் அடியிலிருந்து பெயர்ந்த செதில்கள் நீரோடு சேர்ந்து ஃபில்டரில் விழுந்து, பொடியோடு கலந்து, துளைகளில் கல்போல் இறுகுகின்றன. தீயில் காட்டினாலும் கருகாத அடைப்பு இது. பித்தளைக்குப் பயன்பட்ட புளியும் இதற்கு முழுமையாக உதவாது, ஏனெனில் புளியின் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து உருவாகும் உப்பு நீரில் எளிதில் கரைவதில்லை. எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த வெந்நீரே இங்கு வேலை செய்யும்.

கடற்கரையின் நிலை வேறு. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது ஆதலால், கடலோர மணலடியில் அது உப்புநீரின்மேல் மிதக்கும் ஒரு வில்லையாக நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலின் அடிப்படைக் கணக்கு. மேலிருந்து ஓர் அடி நீரை இறைத்துவிட்டால் அடியிலிருந்து உப்புநீர் பல மடங்கு மேலேறி வரும் என்பது அதே கணக்கின் மறுபக்கம். கவலையும் ஏற்றமும் இறைத்த காலத்தில் நின்ற சமநிலை, மோட்டார்களும் கடலோர விடுதிகளும் பெருகிய காலத்தில் குலைந்தது. உப்பேறிய நீரில் இறங்கிய டிக்காஷன் பாலையும் சர்க்கரையையும் மீறிக் கரிக்கும். அதைக் கழுவிச் சரிசெய்ய எந்த வழியும் இல்லை. காப்பிக்கென ஒரு குடம் நல்ல தண்ணீரை ஒதுக்கிவைப்பதே கடலோர வீடுகளின் ஒரே மருந்து. மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமும், 2024இல் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையமும் தொடங்கப்பட்டன. அந்த நீரின் பெரும்பகுதி சென்னை மாநகருக்குச் செல்கிறது என்பது இக்கரையின் வரலாற்றில் குறிக்கப்பட வேண்டிய செய்தி.

வீட்டுக்கு வெளியே, காப்பி ஓட்டலில், கழுவுதல் முற்றிலும் வேறு பொருள் பெற்றது. டவரா, டம்ளர் என்னும் இரட்டைப் பாத்திரம் காப்பியை ஆற்றுவதற்கு மட்டுமின்றி, உதடு படாமல் அண்ணாந்து பருகுவதற்கும் ஏற்ற வடிவம் கொண்டது. எச்சில் பற்றிய சாதிக் கருத்து அந்த வடிவத்துக்குள் உறைந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ‘பிராமணாள்’ காப்பி ஓட்டல்களிலும் ரயில் நிலைய உணவகங்களிலும் பிராமணருக்கும் மற்றவருக்கும் இடம் பிரிக்கப்பட்டிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே நுழையவே முடியவில்லை. இத்தகைய வேற்றுமைகளை எதிர்த்த சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு 1929 பிப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் செங்கல்பட்டில்தான் கூடியது. பெண்ணுக்குச் சொத்துரிமை கோரியும், சாதிப் பட்டங்களைத் துறக்கக் கோரியும் அங்கு நிறைவேறிய தீர்மானங்கள் தமிழக வரலாற்றில் திருப்புமுனையாயின. ரயில் நிலைய உணவகங்களில் இருந்த பிரிவினை 1941இல் நீக்கப்பட்டது.

ஊர்ப்புறத் தேநீர்க் கடைகளிலோ பிரிவினை டம்ளருக்கு இடம் மாறியது. தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைத்து, பருகியபின் அவர்களே கழுவிக் கவிழ்த்துச் செல்ல வேண்டும் என்னும் இரட்டைக் குவளை முறை தமிழகத்தின் பல மாவட்டங்களில் நிலவியது. பொது உணவகத்தில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதைச் சாதியின் பெயரால் தடுப்பதை 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் தண்டனைக்குரியதாக்கியது; சட்டம் வந்த பின்னும் பல பத்தாண்டுகள் அக்குவளைகள் கடைக்கூரையின் இறப்பில் செருகப்பட்டிருந்தன. யாருடைய எச்சிலை யார் கழுவுவது என்னும் கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் காப்பியின் வரலாறு, எவ்வளவு மணமாக எழுதப்பட்டாலும், பாதி வரலாறாகவே இருக்கும்.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையிலிருந்து செங்கல்பட்டு, மதுராந்தகம் வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் ‘கும்பகோணம் டிகிரி காப்பி’ என்னும் பெயர்ப்பலகைகள் திடீரெனப் பெருகின; கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதே பலகைகளை ஏற்றது. டிகிரி என்னும் அடைமொழிக்கு, பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பால்மானியில் அளந்த அளவிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். சிக்கரி என்னும் சொல்லின் திரிபு என்பாரும் உண்டு. அக்கடைகளின் சிறப்பு அடையாளம் பித்தளை டவராவும் டம்ளரும். வீடுகளில் எடைக்குப் போடப்பட்ட உலோகம் நெடுஞ்சாலையில் மதிப்புக்குரிய பொருளாகத் திரும்பி வந்தது.

ஏறக்குறைய இதே காலத்தில் மின்சார வடிகருவி நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. ஜெர்மனியில் 1908இல் மெலிட்டா பென்ட்ஸ் என்னும் இல்லத்தரசி உருவாக்கிய தாள் வடிகட்டியும், அதே நாட்டில் 1954இல் காப்புரிமை பெற்ற விகோமாட் என்னும் கருவியும் இதன் முன்னோடிகள். இக்கருவியில் தண்ணீர் ஒரு குறுகிய குழாயில் சூடாகி, எழும் நீராவிக் குமிழ்களால் மேலே தள்ளப்பட்டுப் பொடியின்மேல் சொட்டுகிறது. தமிழ் முறையில் வெளியே தங்கிவிட்ட சுண்ணப் படிவம் இங்கு கருவியின் உள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத குழாய்ச் சுவரில் படிகிறது. முதலில் சத்தம் கூடும், பிறகு சொட்டும் நேரம் நீளும், பிறகு நீர் முழுவதும் ஏறாமல் தொட்டியிலேயே தங்கிவிடும். செங்கல்பட்டுக் கிணற்று நீரில் இந்த மூன்று நிலைகளும் சில மாதங்களுக்குள்ளேயே வந்துவிடக்கூடும். வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்தோ, எலுமிச்சை உப்பைக் கரைத்தோ தொட்டியில் ஊற்றி, பாதி ஏறியதும் நிறுத்தி அரைமணி நேரம் ஊறவிட்டு, மீதியை ஓட்டி, பின் இரண்டு மூன்று முறை வெறும் தண்ணீர் ஓட்டினால் குழாய் திறந்துகொள்ளும். உப்பை மாற்றிக் கடினத்தைப் போக்கும் மென்னீர்க் கருவியின் நீரை ஊற்றினால் படிவம் குறையும், ஆனால் அந்நீரிலுள்ள சோடியம் பைகார்பனேட்டு பொடியை ஊதவைத்து வடிதலை மேலும் தாமதமாக்கும். ஒரு குறையைத் தீர்க்கப்போய் மற்றொரு குறையை வரவழைக்கும் இந்த முடிச்சை அவிழ்க்க, மழைநீரோ சுத்திகரித்த நீரோ பயன்படுகிறது.

நெடுஞ்சாலைக் கடைகளின் பித்தளைக்கோ கருவியும் இல்லை, மாற்று நீரும் இல்லை. கடற்காற்றில் உள்ள உப்பு பித்தளையின் பளபளப்பை விரைவில் மங்கச்செய்யும். கடற்கரைச் சாலையில் உள்ள கடைகளுக்கு உள்நாட்டுக் கடைகளைவிடத் தேய்ப்பு வேலை கூடுதல். முன்புறத்தில் காப்பி மாஸ்டர் ஒரு முழ உயரத்திலிருந்து நுரை பொங்க ஆற்றி நீட்டும் டவரா, சில நிமிடங்களில் பின்புறத் தொட்டிக்கு வந்து சேர்கிறது. அங்கே பாத்திரம் தேய்ப்பவர், பெரும்பாலும் ஒரு பெண், புளிக்கரைசலில் ஊறிய நார்க்கொத்தால் ஒவ்வொரு டம்ளரின் விளிம்பையும் உட்புறத்தையும் தேய்த்து, இருமுறை அலசி, ஈரம் காயுமுன் துணியால் துடைத்துக் கவிழ்த்து அடுக்குகிறார்.